காதுக்குப் பின்னால் ஒரு குழி

அத்தையின் வலது காதுக்குப் பின்னால் ஒரு குழி உண்டு. கட்டைவிரல் நுனி கச்சிதமாக உட்காரும் அளவு. தலைக்குக் குளித்துக் கொண்டை போட்டிருந்தால் தெரியும், மற்ற நேரங்களில் முடியைத் தழைய விட்டு மறைத்துவிடுவார். சின்ன வயதில் அவர் மடியில் ஏறி அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்ப்பது எங்களுக்கு விளையாட்டு. "ஏன் அத்தெ இங்க மட்டும் பள்ளமா இருக்கு?" என்று கேட்டால், "எலி கடிச்சிருச்சு சாமி" என்பார். நாங்கள் நம்பினோம். எலி மேல் எனக்கு இருக்கும் பயத்துக்கு அந்த பதிலும் ஒரு காரணம்.

அத்தை சிரித்தால் வாய் இடப்பக்கமாக ஏறும். வலது கண் முழுதாக மூடாது, தூங்கும்போதுகூட ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். கல்யாண போட்டோவில் அவர் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருப்பார். வெட்கம் என்று நினைத்திருந்தேன். போட்டோகிராபரிடம் அப்பாயி தனியாகப் போய்ச் சொல்லி அப்படி எடுக்க வைத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில். ஒரு பக்கம் போதமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை, நடுவில் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் விளையும் சமவெளி. 2020 ஊரடங்கில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது அட்டாலியில் அப்பாருவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. கரையான் தின்றது போக ஏழு நோட்டு. அப்பாரு மூன்றாவது வரை படித்தவர், பேசுவது குறைவு, எழுதுவது அதைவிடக் குறைவு. வரவு, செலவு, மழை. அவ்வளவுதான். ஆனால் 1948 ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்று என்னை நிறுத்திவிட்டது.

பூண்டு, நல்லெண்ணெய் 0-3-0. வைத்தியருக்கு 1-8-0. மந்திரிக்க 0-8-0. மறுபடி மந்திரிக்க 1-4-0. வண்டி வாடகை 2-0-0. கோடித் துணி. கோடித் துணிக்கு எதிரே தொகை இல்லை. அடுத்த வரி பருத்திக்கொட்டை வாங்கியது.

எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார் என்பது தெரியும். ஆறு வயதில் செத்துப்போனவரை எப்படிப் பெரியப்பா என்று சொல்வது என்று குழம்பியதும் ஞாபகம் இருக்கிறது. "காத்து அடிச்சிருச்சு" என்று அப்பாயி சொல்லுவாள். எப்போதும் அதே வாசகம், அதே இடத்தில் நிறுத்தம். நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அண்ணன் இறந்த பிறகு பிறந்தவர் அவர், எல்லாம் அப்பாயி சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் அவர் சொன்ன முதல் விஷயமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவனுக்கும் காதுல சீ வடியும் கண்ணு. அவனுக்கு இந்தப் பக்கம்" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

காதில் சீழ் வடிவது எங்கள் பக்கத்தில் ஒரு நோயே இல்லை. மூக்கு ஒழுகுவது மாதிரி அது ஒரு குழந்தைப் பருவ விஷயம். பஞ்சு வைப்பார்கள், பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுவார்கள், தாய்ப்பால் பீய்ச்சுவார்கள். பெரியவனானால் சரியாகிவிடும். பாதிப் பேருக்குச் சரியாகியும் விடும், அதுதான் இதில் உள்ள சிக்கல்.

நடுச்செவி என்பது ஒரு சின்ன அறை. முன்பக்கம் அதிலிருந்து ஒரு குழாய் மூக்கின் பின்னால் போய்த் திறக்கிறது. குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாக, அகலமாக, படுக்கைவாக்கில் இருக்கும். சளி பிடித்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும். பின்பக்கம் இந்த அறை, காதுக்குப் பின்னால் நாம் தொட்டால் மேடாகத் தட்டுப்படும் எலும்புக்குள் திறக்கிறது. மாஸ்டாய்ட் எலும்பு. வெளியே கெட்டி, உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகள். சீழ் அங்கே போய்த் தங்கினால் அறைச் சுவர்களை ஒவ்வொன்றாகக் கரைக்கும். மேலே கூரை சில இடங்களில் வெங்காயச் சருகு கனம்தான், அதற்கு அந்தப் பக்கம் மூளை. பின்னால் ஒரு பெரிய ரத்தக்குழாய், மூளையிலிருந்து அழுக்கு ரத்தம் கழுத்துக்கு இறங்கும் வழி. குறுக்கே, ஒரு மெல்லிய எலும்புக் குழலுக்குள், முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது.

ஆக, சீழ் எந்தத் திசையில் உடைத்துக்கொண்டு போகிறது என்பதுதான் கேள்வி. வெளிப்பக்கம் வந்தால் காதுக்குப் பின்னால் வீக்கம், காதே முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். இதுதான் இருப்பதில் அதிர்ஷ்டமான வழி. கீழே இறங்கிக் கழுத்துத் தசைக்குள் புகுந்தால் அதற்கு 1881இல் ம்யூனிக் மருத்துவர் ஃப்ரீட்ரிக் பெட்ஸோல்டின் பெயர். உள்பக்கமாக எலும்பின் நுனி வரை போனால், காது சீழோடு கண்ணும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இரட்டை இரட்டையாகத் தெரியும், அதற்கு இத்தாலியரான கிரடெனிகோவின் பெயர், 1904. ரத்தக்குழாயில் போனால் உறைகட்டி, குளிரும் காய்ச்சலுமாக ஏறி இறங்கும் ஜுரம். மேலே போனால் மூளைக் காய்ச்சல், இல்லாவிட்டால் மூளைக்குள்ளேயே சீழ்க்கட்டி. மருத்துவப் புத்தகங்களில் இவையெல்லாம் 'அரிய சிக்கல்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வந்தது.

காது நோய் கொல்லும் என்பது புதுச் செய்தி ஒன்றும் இல்லை. சுஸ்ருதர் காது நோய்களை 28 என்று எண்ணி வைத்திருக்கிறார், அதில் காது வடிவதும் நாறுவதும் தனித்தனி. விடாத காய்ச்சலோடு வரும் காதுக் குத்தலைக் கண்டு கிரேக்க வைத்தியர்களும் பயந்திருக்கிறார்கள். பயந்தார்களே ஒழிய, எலும்பைத் திறக்கக் கை வரவில்லை. 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ழான் லூயி பெத்தி காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றினார். அந்த வழி அப்படியே வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1791இல் டென்மார்க் அரசரின் மருத்துவர் ஃபான் பெர்கர், தன் காது இரைச்சலுக்கும் செவிட்டுத்தனத்துக்கும் இதே அறுவையைக் கேட்டு வாங்கிச் செய்துகொண்டு, சில நாட்களில் மூளைக் காய்ச்சலில் செத்துப்போனார். அவருக்கு அந்த எலும்பில் சீழே இல்லை. தேவையில்லாத இடத்தில் செய்த ஓர் அறுவை, தேவைப்பட்டவர்களுக்கும் கதவைச் சாத்திவிட்டது. ஏறக்குறைய 80 ஆண்டுகள் யாரும் அந்த எலும்பில் கை வைக்கவில்லை. 1873இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ, எப்போது திறக்கவேண்டும், எப்படித் திறக்கவேண்டும் என்று முறையாக எழுதிய பிறகுதான் மறுபடி உளியை எடுத்தார்கள். ஒரு பெரிய மனிதரின் சாவு எத்தனை குழந்தைகளை விழுங்கியது என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த எலும்போடு வேறொரு வழியில் உறவு உண்டு. ஆஸ்கர் வைல்டின் அப்பா வில்லியம் வைல்ட், டப்ளினில் பேர்பெற்ற காது மருத்துவர். காதுக்குப் பின்னால் சீழ் கட்டினால் கீறும் கீறலுக்கு இன்றும் 'வைல்ட் கீறல்' என்றுதான் பெயர். காதில் சீழ் வடிகிற வரைக்கும் அது எங்கே, எப்போது, எப்படிப் போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற பொருளில் 1853இல் எழுதியவர் அவர். மகன் 1900 அக்டோபரில் பாரிஸ் ஓட்டல் அறையில் காதில் அறுவை செய்துகொண்டு, நவம்பர் 30 அன்று இறந்தார். வேறு நோய் என்று பல காலம் கிசுகிசுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் பரவிய தொற்றுதான் என்று வாதிடும் கட்டுரை ஒன்று நூறாண்டு கழித்து, 2000இல், 'லான்செட்' இதழில் வந்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வைல்ட் அல்ல. கிளாஸ்கோவில் 1876இல் வில்லியம் மெக்யூவன் பார்த்த ஒரு பையன். பதினோரு வயது. இடது புருவத்துக்கு மேல் அடிபட்டுப் புண்ணாகி, சில நாட்களில் வலிப்பு வந்து, பேச்சு போய்விட்டது. ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரேகூட இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பேச்சு போனதை வைத்தே, சீழ் மூளையின் இடது முன்பகுதியில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று மெக்யூவன் சொல்லிவிட்டார். திறந்து எடுத்துவிடலாம் என்றார். வீட்டார் சம்மதிக்கவில்லை. பையன் இறந்தான். இறந்த பிறகு அனுமதி வாங்கி, உயிரோடு இருக்கும்போது எங்கே திறந்திருப்பாரோ அதே இடத்தில் திறந்தார். சீழ் அங்கேயே இருந்தது.

இதைப் படித்த ராத்திரி அத்தைக்கு மறுபடி போன் செய்தேன். "பெரியப்பாவுக்குக் கடைசியில பேச்சு எப்படி இருந்துச்சுன்னு அப்பாயி ஏதாச்சும் சொல்லிருக்காளா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். பையனுக்குத் தலைவலி, வாந்தி, எந்நேரமும் தூக்கம். தண்ணி வேணும் என்று செம்பைத்தான் காட்டுவானாம், ஆனால் செம்பு என்று சொல்லமாட்டானாம். "வண்டி, வண்டி" என்பானாம். அம்மாவைப் பார்த்து வேறு யார் பேரையோ சொல்லிக் கூப்பிட்டானாம். "அவன் வாயில வேற எவனோ பேசறான்னுதான் மந்திரிக்க ஆள் கூட்டியாந்தாங்க. அம்மா சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னா. எம்புள்ள என்னெ அம்மான்னு கூப்பிடாமயே போய்ட்டான்னு."

இடது காதுச் சீழ் கூரையை அரித்து மேலே போனால் அது முட்டும் இடம் மூளையின் இடது பொட்டுப் பகுதி. பெரும்பாலானவர்களுக்குப் பொருள்களின் பெயர்கள் அதையொட்டித்தான் இருக்கின்றன. அங்கே கட்டி வந்தவர்கள் பொருளைத் தெரிந்துகொள்வார்கள், பெயரைத் தொலைத்துவிடுவார்கள். காது மருத்துவப் பாடப் புத்தகங்களில் இது பழைய, தெரிந்த அறிகுறி. எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு சாவுக்கு நான் இங்கே உட்கார்ந்து நோய்ப் பெயர் வைக்க முடியாது, தெரியும். ஆனால் மந்திரிக்க எழுதிய அந்த எட்டணாவையும் ஒண்ணேகால் ரூபாயையும் இனிமேல் என்னால் முட்டாள்தனம் என்று படிக்க முடியவில்லை. பிள்ளை வாயில் வேறு சொல் வந்தது. அதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். மெக்யூவன் கவனித்ததும் அதைத்தான்.

சரி, 1948இல் அந்த இரண்டு ரூபாய் வண்டி எங்கேதான் போயிருக்க முடியும்?

மூளையைத் திறக்க இந்தியாவில் தனித்துறையே அப்போது இல்லை. ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது 1949. சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தி மெட்ராஸ் பொது மருத்துவமனையில் தொடங்கியது 1950. மெக்யூவன், 1893இல் வெளியிட்ட புத்தகத்தில், மூளைச் சீழுக்கு அறுவை செய்த 19 பேரில் 18 பேர் பிழைத்ததாகக் கணக்குக் காட்டியிருந்தார். அதற்குப் பிறகும் ஐம்பத்தைந்து வருடம். கிளாஸ்கோவுக்கும் ராசிபுரத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை நான் இப்படித்தான் அளக்கிறேன்.

கொல்லிமலையில் மட்டும் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி 1913இல் மலையேறிக் குடியேறினார்கள். ஜெஸ்ஸி முழு டாக்டர்கூட இல்லை, சில மாத மருத்துவப் பயிற்சி பெற்றவர். பல் பிடுங்குவது, நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி இழுப்பது, கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பது, இதுதான் வைத்தியம். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவையால் மீட்டுக்கொடுத்த பால் பிராண்ட், இவர்கள் மலையில் இருந்த காலத்தில், 1914இல் பிறந்த மகன். ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அந்தக் காலத்துச் சீழுக்கு இருந்த ஒரே மருந்து கத்திதான், கத்தி பிடிக்கத் தெரிந்த கை மலைமேல் இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அந்த மலை தெரியும்.

மருந்து என்று பார்த்தால், 1930களின் பின்பாதியில் சல்ஃபா மாத்திரைகள் வந்துவிட்டன. 'எம் அண்ட் பி' என்று ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்லும் மாத்திரை அந்த வகைதான். பென்சிலின் மனிதர்களுக்குள் இறங்கியது 1941இல், ஆக்ஸ்ஃபோர்டில். முதல் நோயாளி ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரர். முகத்தில் தொடங்கிய புண் கண்ணைத் தின்றிருந்தது. அவர் சிறுநீரிலிருந்தே மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்து ஊசி போட்டார்கள், அதுவும் தீர்ந்துபோய் மார்ச் மாதம் இறந்தார். பெரியவர்களுக்கு மருந்து போதவில்லை என்பதால் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவன் ஜானி காக்ஸ், நாலரை வயது. அம்மை இறங்கிய பிறகு கண்ணிமைக்குப் பக்கத்தில் வந்த புண்ணிலிருந்து கிருமி உள்ளே போய், கண்ணுக்குப் பின்னால் மூளையின் அடியில் இருக்கும் ரத்தக்குழாய்க்குள் உறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட உறுதியான சாவு. பென்சிலின் ஏற ஏற வீக்கம் வடிந்தது, பையன் பேசினான், விளையாடினான். பிறகு, கிருமி முன்பே பலவீனமாக்கி வைத்திருந்த மூளை ரத்தக்குழாய் ஒன்று வெடித்து இறந்துபோனான். உடலைத் திறந்து பார்த்தபோது தொற்று அழிந்திருந்தது. பென்சிலின் ஜெயித்தது, குழந்தை பிழைக்கவில்லை. மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கொடுமையான வெற்றி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வெற்றி இந்தியச் சந்தைக்கு மலிவாக வந்தது 1950களில். புனே பக்கம் பிம்ப்ரியில் அரசின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை 1954இல் தொடங்கி, அடுத்த ஆண்டு உள்ளூர் பென்சிலின் வெளிவர ஆரம்பித்தது. அப்பாருவின் நோட்டில் 'பென்சிலின் ஊசி' என்ற சொல் முதல்முறை வருவது 1966இல். அது அத்தைக்காக.

அப்போது அவருக்கு ஒன்பது வயது. நாலு வயதிலிருந்தே வலது காது வடியும். நாற்றம் அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வாத்தியார் சொல்வது பாதி கேட்காது, அதனால் மக்கு என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் பங்குனியில் காது வடிவது திடீரென்று நின்றுவிட்டது. "எங்கம்மா மாரியாத்தாளுக்குப் பொங்கல் வச்சா, சரியாப் போச்சுன்னு" என்று அத்தை சிரித்தார். சரியாகவில்லை. வடிந்துகொண்டிருந்த வழி அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நாலு நாளில் காய்ச்சல், குத்தல், காதுக்குப் பின்னால் வீக்கம்.

வீக்கத்தைப் பார்த்து ஊர் சொன்ன பெயர் பொன்னுக்கு வீங்கி. அப்பாயி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டாள். பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னாலும் கீழேயும் தாடையை ஒட்டி வீங்கும். இது பின்னால் வீங்கிக் காதை முன்பக்கம் தள்ளும். கண்ணாடியில் பார்த்தால் ஒரு காது மட்டும் முறம் மாதிரி விரிந்து நிற்பது தெரியும். தெரிந்தவர்களுக்குத் தெரியும். சங்கிலியோடு ஆறு நாள் போனது. ஏழாம் நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது வாயின் வலது ஓரத்தில் ஒழுகியது. முகம் கோணியிருந்தது.

அப்பாரு யாரையும் கேட்கவில்லை என்கிறார் அத்தை. மந்திரிக்கிறவரைக் கூப்பிடப் போன தம்பியைப் பாதி வழியில் திருப்பி அனுப்பினார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். சேலத்துக்கு ஜவ்வரிசி மூட்டை ஏற்றிப்போன லாரியை மறித்து, மூட்டைகளுக்கு மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனார். "எனக்கு அந்த லாரில அடிச்ச புளிச்ச மாவு வாசம்தான் ஞாபகம் இருக்கு. எங்கய்யன் வழி பூரா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வந்தாரு. என் கையில இருந்த தூக்குப்போசியக் காட்டி, இதென்ன கண்ணு, இதென்னன்னு. நான் தூக்குப்போசின்னு சொல்லிட்டே வந்தேன்."

அப்பாருவுக்கு மெக்யூவனைத் தெரியாது. பதினெட்டு வருடமாக அந்த 'வண்டி'யைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

சேலத்தில் அன்று மாலையே எலும்பைத் திறந்தார்கள். உளியும் சுத்தியலும்தான். மயக்கம் தெளிந்தும் பல நாள் தலைக்குள் தட்டுகிற சத்தம் கேட்டதாம். இருபத்தொரு நாள் ஊசி. நோட்டில் பென்சிலின், பஞ்சு, காபி, திரும்பி வந்த பஸ் டிக்கெட் எல்லாம் பைசா சுத்தமாக இருக்கின்றன. காதுக்கேள்வி திரும்பவில்லை, முகம் முழுதாக நேராகவில்லை. கரைந்த எலும்பைச் சுரண்டி எடுத்த இடத்தில் அந்தக் குழி நின்றுவிட்டது.

இந்த இரண்டு ஆவணிக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் உலகம் முழுக்க 'அரிய' என்ற சொல் இந்த நோய்களுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதற்கு நல்ல உதாரணம் காது அல்ல, தொண்டை. ஆந்த்ரே லெமியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1936இல், தொண்டைப் புண்ணிலிருந்து கிருமி கழுத்து ரத்தக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் பரவும் நோயை எழுதினார். 20 பேரில் 18 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இள வயதினர். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு தெளிவான படம் என்றார். பென்சிலின் வந்ததும் அந்த நோய் காணாமல் போய், 'மறக்கப்பட்ட நோய்' என்றே பேர் வாங்கியது. மறந்ததால் 1990களுக்குப் பிறகு அது திரும்ப வந்தபோது டாக்டர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் மறக்கும் அளவுக்கு அது போகவே இல்லை என்பதுதான் என் குறை. வேலூர் மருத்துவர்கள் கிராமப்புறக் குழந்தைகளைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஆறு பேருக்கு நாள்பட்ட காதுச் சீழ் இருந்தது. நாலு சதவீதத்தைத் தாண்டினாலே அவசரமாகக் கவனிக்கவேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒரு வகுப்பில் ஐம்பது பேர் என்றால் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் மூளைக்குப் போய்விடாது, உண்மைதான். ஆனால் 'அரிது' என்பது ஒரு விகிதம். கீழே இருக்கும் எண் பெரிதாக இருந்தால் அரியதும் நிறைய நடக்கும்.

நிலைமை மாறவில்லை என்று சொல்லமாட்டேன். காதில் ஏறும் கிருமிகளில் முக்கியமான இரண்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஹிப் கிருமிக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் கேரளாவும் தமிழ்நாடும்தான் நாட்டிலேயே முதலில் போட ஆரம்பித்தன. நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசி தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2021 ஜூலையில் வந்தது. நாமக்கல்லில் 2022இலிருந்து மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அப்பாரு லாரியை மறித்த ரோட்டில் இப்போது 108 பத்து நிமிடத்தில் வந்து நிற்கும்.

புதுத் தொல்லை வேறு மாதிரி. போன வருடம் அத்தையின் பேத்திக்கு, ஐந்து வயது, சளியோடு காதுக் குத்தல். மெடிக்கலில் ஒரு சிவப்பு சிரப் வாங்கி மூன்று நாள் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, நிறுத்திவிட்டார்கள். பத்து நாளில் மறுபடி, மறுபடி மூன்று நாள். இப்படிப் பாதிப் பாதியாகக் கொடுக்கும் மருந்து வலியையும் காய்ச்சலையும் அமுக்கிவிடும், எலும்புக்குள் நடப்பது நடந்துகொண்டே இருக்கும். முகமூடி போட்ட மாஸ்டாய்ட் நோய் என்று இதற்குப் பெயரே உண்டு. போதாக்குறைக்கு, கிருமிகளும் மருந்தைப் பழகிக்கொண்டுவிட்டன. கடைசி ஆயுதமாக வைத்திருக்கவேண்டிய கொலிஸ்டினைக் கோழி, மாடு, மீன் தீவனத்தில் போடக்கூடாது என்று இந்திய அரசு தடை போட்டதே 2019 ஜூலையில்தான். முட்டைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு ஒரு பழக்கம். எந்தக் குழந்தை கிட்டே வந்தாலும் கன்னத்தை வழித்துவிட்டு, கட்டைவிரலால் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒரு அழுத்து அழுத்துவார். திருஷ்டி கழிக்கிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஊரிலிருந்து வந்தவர் பேத்தியை அப்படித் தொட்டதும் குழந்தை வீல் என்று கத்தியது. வெளியே வீக்கம் எதுவும் தெரியவில்லை, காய்ச்சலும் இல்லை. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். "இல்லீங்கத்தெ, நாளைக்குப் பாக்கலாம்" என்ற மருமகளுக்கு பதில் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

ஸ்கேனில் எலும்பறைகள் மங்கலாக இருந்தன. சுவர்கள் கரைய ஆரம்பித்திருந்தன, கூரை இன்னும் பத்திரம். நரம்பு வழியாகப் பத்து நாள் மருந்து, செவிப்பறையில் ஒரு சின்னக் குழாய். எலும்பைத் திறக்கத் தேவைப்படவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குழந்தை தலையில் கட்டோடு போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்மிஷன் போட்ட அன்று நடந்ததை மருமகள் சொன்னாள். இளம் டாக்டர் ஒருத்தி ஃபாரம் நிரப்பிக்கொண்டே, "வீட்ல வேற யாருக்காச்சும் காது பிரச்சினை இருந்திருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லைங்க என்று இவள் சொல்லிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்து, முடியை விலக்கி, தலையைச் சாய்த்துக் காட்டினாராம். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தாளாம். எப்போது நடந்தது, யார் செய்தது என்று கேட்டுக்கொண்டு, ஃபாரத்தில் 'ஒருவர்' என்று எழுதப் போனவளை அத்தை தடுத்து, "ரெண்டு பேருன்னு எழுதிக்கங்க" என்றாராம்.